ஆடுகிற பழைய பெஞ்ச், நாற்காலி, கட்டில்: மூட்டு ரிப்பேர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பரங்குன்றம் பக்கம், வீட்டை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகையில் பழைய மரச்சாமான்களைப் பிரித்துச் சேர்க்கிற வேலையைப் பல வருடமாகச் செய்து வருகிறேன். வருகிறவை பெரும்பாலும் வெளியில் கிடந்தவை: வேப்பமரத்தடி பெஞ்ச், மொட்டைமாடி நாற்காலி, தோட்டத்து மேஜை, திண்ணையில் கிடந்த சாய்வு நாற்காலி. கொண்டு வருகிறவர்களின் சந்தேகங்களும் கிட்டத்தட்ட ஒன்றேதான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு சொற்கள் அடிக்கடி வரும். சட்டத்தின் நுனியைச் செதுக்கி மெல்லிசாக விட்டிருப்பதை நாக்கு என்கிறேன். அது போய் உட்கார்வதற்காகக் காலில் வெட்டியிருக்கும் பள்ளம் துளை. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் மூட்டு.

"பெஞ்ச் அங்கிட்டும் இங்கிட்டும் ஆடுதுண்ணே. நாலு ஆணி அடிச்சா நின்னுறாதா?"

நிற்கும், ஒரு மழைக்காலம் வரைக்கும். ஆணி மூட்டை இறுக்குவதில்லை. ஆடுகிற நாக்கைக் குத்திப் பிடிக்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு முறை ஆள் உட்கார்ந்து எழும்போதும் நாக்கு அந்த ஆணியை அச்சாக வைத்து அசையும், ஆணி போன ஓட்டை பெரிதாகும். மழைத் தண்ணீர் ஆணியோரமாக உள்ளே இறங்கும். துருப்பிடித்த இரும்பு உப்பும், உப்பினது மரத்தைப் பிளக்கும். தேக்கிலும் கருவேலத்திலும் ஆணியைச் சுற்றிக் கறுப்பாகக் கறை ஓடியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மரத்தின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்ததால் வந்த கறை அது.

சோழவந்தான் பக்கத்துத் தோப்பு ஒன்றிலிருந்து ஒரு பெஞ்ச் வந்தது. ஒரே காலில் 11 ஆணி, அதற்கு மேல் கட்டுக்கம்பி வேறு. ஆணிகளைப் பிடுங்கவே அரை நாள் ஆனது. பிரித்துப் பார்த்தால் உள்ளே நாக்கு தேன் நிறத்தில், தேக்கு வாசனை போகாமல் அப்படியே இருக்கிறது. கெட்டிருந்தது ஆணி துளைத்த இடங்கள் மட்டும்தான். முதல் ஆணி அடிப்பதற்கு முன்னால் வந்திருந்தால் ஒரு மணி நேர வேலை. தயவுசெய்து ஆணி அடிக்காதீர்கள்.

"எல்லா மூட்டுமே ஆடுற மாதிரி இருக்கு. எது லூஸுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

பெஞ்சைக் கவிழ்த்துப் போடுங்கள். ஒருவர் காலைப் பிடித்து மெதுவாக ஆட்ட, இன்னொருவர் நாக்கும் துளையும் சேர்கிற கோட்டின் மேல் கட்டைவிரலை வைத்துப் பார்க்க வேண்டும். பாதி விரல் காலிலும் பாதி சட்டத்திலும் இருக்கட்டும். கண்ணுக்குத் தெரியாத அசைவுகூட விரலுக்குத் தெரியும். அசைகிற மூட்டில் சாக்பீஸால் குறி போடுங்கள்.

எட்டு மூட்டு இருக்கிற பெஞ்சில் பெரும்பாலும் இரண்டோ மூன்றோதான் விட்டிருக்கும். அவை ஆடுவதால் மற்றவையும் ஆடுவது போலத் தெரியும். நாற்காலி என்றால் முதலில் பின்னங்காலும் உட்காரும் சட்டமும் சேர்கிற இடத்தைப் பாருங்கள். சாய்கிறவரின் பாரம் முழுவதும் அங்கேதான் விழுகிறது.

"தரையில வச்சா ஒரு கால் தூக்கிக்கிட்டு நிக்குது. மத்த காலைக் கொஞ்சம் அறுத்துரலாமா?"

வேண்டாம். முதலில் வேறு இடத்தில், நல்ல மட்டமான தரையில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் அதே கால் தூக்கினால் சட்டம் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். விட்டுப்போன மூட்டைப் பிரித்து நேராகச் சேர்த்தாலே பெரும்பாலும் நான்கு காலும் தரையைத் தொட்டுவிடும். அறுத்த காலை நீட்ட முடியாது.

"இத்தனை வருஷம் நல்லாத்தானே இருந்துச்சு. இப்ப ஏன் கழண்டுக்கிருச்சு?"

வெட்டி, அறுத்து, இழைத்த பிறகும் மரம் காற்றில் இருக்கிற ஈரத்தை வாங்கும், விடும். நீளவாக்கில் அது அநேகமாக மாறாது. அகலத்திலும் கனத்திலும்தான் உப்பும், சுருங்கும். மூட்டில் நாக்கின் ரேகை, அதாவது மரத்தின் நார் ஓடுகிற வாக்கு, ஒரு திசையில் ஓடுகிறது, காலின் ரேகை அதற்குக் குறுக்கே ஓடுகிறது. அதனால் நாக்கு உப்பும்போது துளை அதே அளவுக்கு விரிந்து கொடுக்காது.

இப்போது நம்ம ஊர் வெயிலையும் மழையையும் நினைத்துப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நாள்கணக்கில் நனைகிறது. நாக்கு உப்புகிறது, துளை இடம் கொடுக்கவில்லை, நாக்கின் நார்கள் நசுங்குகின்றன. அப்புறம் சித்திரை வந்து, கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது காய்ந்து சுருங்குகிறது. நசுங்கின நார் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. வருடத்துக்கு ஒரு மயிரிழை குறைந்தால்கூட இருபது வருடத்தில் கண்ணுக்குத் தெரிகிற இடைவெளி வந்துவிடும். பிரித்த நாக்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், இரண்டு அகலமான முகங்களும் தேய்த்த கல் மாதிரி மினுமினுக்கும். நசுங்கின இடம் அதுதான்.

இன்னொரு காரணம் பசை. ரொம்பப் பழைய சாமான்களில் வஜ்ஜிரம் போட்டிருப்பார்கள். மாட்டுத் தோல், எலும்பு காய்ச்சி எடுக்கிற பசை. வீட்டுக்குள் காலத்துக்கும் நிற்கும், ஈரமும் சூடும் மாறி மாறிப் பட்டால் விட்டுவிடும். வெளியில் கிடந்த சாமானைப் பிரித்தால் அது பனங்கற்கண்டை இடித்த மாதிரிப் பழுப்பாக உதிரும்.

"தண்ணி ஊத்தி ஒரு ராத்திரி வச்சா மூட்டு இறுகிருதே. எங்க அப்பத்தா அப்படித்தான் செய்வாங்க."

இறுகுவது உண்மைதான், ஆனால் அது முந்தின பதிலில் சொன்ன அதே உப்பல்தான். மறுபடி காயும்போது முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே ஆடும். அந்தக் காலத்தில் மாட்டுவண்டிச் சக்கரத்தைக் கண்மாயில் இறக்கி நனைப்பார்கள். சக்கரத்தைச் சுற்றி இரும்புப் பட்டை இறுக்கிப் பிடித்திருந்தது, அன்றைய பயணம் முடிகிற வரை ஈரமும் தாங்கியது. நாற்காலிக்கு அப்படிப் பட்டை எதுவும் கிடையாது. அப்பத்தா காலத்தில் வேறு வழி இல்லாமல் செய்ததை நாம் தொடர வேண்டியதில்லை.

"கழட்டாமலே சிரிஞ்ச்ல பசையை உள்ள விட்டா என்ன?"

நானும் ஆரம்பத்தில் அதைச் செய்திருக்கிறேன். ஒரு மாடி நாற்காலியின் பின் மூட்டில் ஊசி வழியாகப் பசை விட்டுக் கட்டிக் கொடுத்தேன். மூன்று மாதம் நின்றது. ஒரு நாள் அந்த வீட்டுப் பெரியவர் சாய்ந்தபோது முதுகுச் சட்டம் அப்படியே பின்னால் போய்விட்டது. முழங்கையில் நல்ல அடி. பிரித்துப் பார்த்தபோது என் பசை முழுவதும் பழைய பசையின் மேலேயும் அழுக்கின் மேலேயும் படிந்திருந்தது, மரத்தைத் தொடவே இல்லை. அன்றிலிருந்து ஆள் உட்காருகிற எந்தச் சாமானுக்கும் ஊசி வைத்தியம் செய்வதில்லை. கழற்றித்தான் ஆக வேண்டும்.

"கழட்டப்போனா மரம் உடைஞ்சிருமோன்னு பயமா இருக்கு. எப்படிப் பிரிக்கிறது?"

பயப்படுவது நல்லதுதான், அவசரப்பட மாட்டீர்கள். முதலில் போனில் நான்கு பக்கமும் படம் எடுங்கள். ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு எண் கொடுத்து, காலிலும் சட்டத்திலும் அதே எண்ணை எழுதுங்கள். இறுக்கமாக இருக்கிற மூட்டைத் தொடாதீர்கள், விட்டுப்போனதை மட்டும் பிரித்தால் போதும்.

அடுத்தது, உள்ளே என்ன ஒளிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். காலின் முகத்தில் சின்ன வட்டமோ சதுரமோ தெரிந்தால் அது மர முளை, மூட்டைக் குறுக்கே பூட்டுகிற குச்சி. பின்பக்கமிருந்து தட்டி வெளியே தள்ளுங்கள், வராவிட்டால் அதைவிடக் கொஞ்சம் சின்ன பிட் போட்டுத் துளைத்து எடுங்கள். துருப்பிடித்த ஆணி என்றால் தலையில் சால்டரிங் அயர்ன் முனையை ஒரு நிமிடம் வைத்துச் சூடாக்குங்கள், பிடி தளரும். அப்படியும் வராத ஆணியை, மூட்டின் இடுக்கில் ஆக்சா பிளேடை விட்டு அறுத்துவிடலாம்.

அப்புறம் கொதிக்கிற தண்ணீரில் நனைத்த துணியை மூட்டைச் சுற்றிக் கட்டிப் பத்து, பதினைந்து நிமிடம் விடுங்கள். வஜ்ஜிரமும், ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசையும் இளகும். வெள்ளைப் பசை என்றால் தண்ணீரில் கொஞ்சம் வினிகர் சேர்ப்பது உதவும். இப்போது ஒரு மரத்துண்டை அண்டை கொடுத்து, கொட்டாப்புளியால் (மரச் சுத்தியல்), மூட்டுக்குப் பக்கத்திலேயே, நேராக வெளியே போகிற திசையில் தட்டுங்கள். இரும்புச் சுத்தியலை நேரடியாக மரத்தில் போடக் கூடாது. காலைப் பிடித்துத் திருகவும் கூடாது, பெரும்பாலும் நாக்கு உடைவது அப்போதுதான்.

"பழைய பசையை எவ்வளவு தூரம் சுரண்டணும்?"

மரத்தின் நிறம் தெரிகிற வரைக்கும், மரத்தைச் சுரண்டாமல். உளியைச் செங்குத்தாகப் பிடித்து இழுத்தால் பசை மட்டும் வரும். துளையின் மூலைகளுக்குச் சுடுதண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரஷும். அப்புறம் நிழலில் இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். நாக்கில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். விளிம்புகள் உருண்டு போகும், ஏற்கெனவே மெலிந்தது இன்னும் மெலியும்.

"கடையில ஃபெவிகால்னு கேட்டா ஒண்ணைக் கொடுக்கிறாங்க. அதுவே போதுமா?"

வீட்டுக்குள் இருக்கிற சாமானுக்குப் போதும். வெளியில் கிடக்கப்போகிறது என்றால் மரைன் என்று கேட்டு, டப்பாவில் தண்ணீர் தாங்கும் என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். நாக்கு துளைக்குள் இறுக்கமாகப் போகிற மூட்டுக்கு அது சரியான பசை. இடைவெளி இருக்கிற மூட்டுக்கு அது சரிப்படாது. வெள்ளைப் பசை மெல்லிய படலமாக இருந்தால்தான் பிடிக்கும். தடிமனாக நிரப்பினால் காயும்போது சுருங்கிப் பலமில்லாமல் போகும்.

கொஞ்சம் இடைவெளி இருந்தால் அரால்டைட் மாதிரி இரண்டு டியூப் கலக்கிற பசை. ஐந்து நிமிடத்தில் காய்வதை விட்டுவிட்டு, மெதுவாகக் காய்கிற வகையை வாங்குங்கள். பிடிப்பும் அதிகம், நிதானமாகப் பொருத்தவும் நேரம் கிடைக்கும். இரண்டையும் அட்டையில் சொன்ன அளவுக்கு எடுத்து நன்றாகக் குழைக்க வேண்டும். கண்டிப்பாகக் கையுறை போடுங்கள், தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்தவர்களை எனக்குத் தெரியும்.

தேக்குக்கு மட்டும் ஒரு கூடுதல் வேலை. அதில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு, அது ஒட்டுவதைத் தடுக்கும். பசை தடவுவதற்குச் சற்று முன்னால் அசிட்டோன் நனைத்த துணியால் நாக்கையும் துளையையும் துடைத்துவிடுங்கள். காலையில் துடைத்து வைத்து மாலையில் ஒட்டினால் எண்ணெய் மறுபடி மேலே வந்திருக்கும்.

"நாக்கு மெலிஞ்சு துளை பெருசாகிருச்சு. ஃபெவிகால்ல மரத்தூளைக் கலந்து அடைச்சா?"

பார்வைக்கு அடையும், பாரம் தாங்காது. மரத்தூளில் நார் கிடையாது. பாரம் தாங்க நார் வேண்டும். அதனால் நாக்கைப் பழைய கனத்துக்குக் கொண்டுவருவதுதான் சரியான வழி. அதே வகை மரத்தில் மெல்லிய தகடு சீவி, நாக்கின் இரண்டு அகலமான முகங்களிலும் ஒட்டுங்கள். தகட்டின் ரேகை நாக்கின் ரேகையோடு ஒரே திசையில் ஓட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் சட்டம் நடுவிலிருந்து விலகிப்போகும். காய்ந்த பிறகு இழைப்புளியாலோ உளியாலோ கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, துளையில் விட்டு விட்டுப் பாருங்கள்.

எப்போது நிறுத்துவது? கையால் அழுத்தினால் பாதி போக வேண்டும், மீதி கொட்டாப்புளியால் இரண்டு மூன்று தட்டுக்குப் போக வேண்டும். தானாக விழுந்தால் லூஸு. ஓங்கி அடித்தால்தான் போகும் என்றால் கால் பிளந்துவிடும், இன்னும் சீவுங்கள். இந்த ரிப்பேரில் மனசு வைத்துச் செய்ய வேண்டிய இடம் இதுதான். இங்கே ஒரு மணி நேரம் செலவழித்தால் மற்றதெல்லாம் சுலபம்.

தகட்டுக்குத் தேக்கு எங்கே கிடைக்கும் என்பார்கள். மரப்பட்டறையில் ரீப்பர் அறுத்து மிஞ்சின துண்டுகளைக் கேட்டுப் பாருங்கள். இடித்த வீட்டு ஜன்னல் சட்டம் கிடைத்தால் இன்னும் நல்லது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் போகிறவர்கள் பழைய சாமான் கடைகளில் உடைந்த சட்டங்களையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வாருங்கள்.

"ஆப்பு அடிச்சு இறுக்கலாம்னு பார்த்தேன், காலே பிளந்துருச்சு. எங்க தப்பு?"

ஆப்பு நின்ற திசையில். நாக்கு காலைத் துளைத்து மறுபக்கம் தெரிகிற மூட்டில் ஆப்பு அருமையான வைத்தியம். ஆனால் ஆப்பின் அகலம் காலின் ரேகைக்குக் குறுக்கே படுத்திருக்க வேண்டும். அப்போது நாக்கு மேலும் கீழுமாக, காலின் நீளவாக்கில் விரியும், அந்தத் திசையில் கால் பலமானது. ரேகையோடு சேர்த்து நிறுத்தி அடித்தால் அது விறகு பிளக்கிற வேலைதான்.

நாக்கின் நுனியில் அதன் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை ரம்பத்தால் ஒரு கோடு அறுத்து, அந்தக் கோடு முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு ஓட்டை போடுங்கள். பிளவு அதற்கு மேல் சட்டத்துக்குள் ஓடாது. ஆப்பு நீளமாகவும் மெல்லிசாகவும் இருக்கட்டும். பசை தடவி, தட்டும் சத்தம் கனமாக மாறியதும் நிறுத்திவிடுங்கள்.

"நாக்கு உடைஞ்சு பாதி துளைக்குள்ளேயே நிக்குது. அந்தச் சட்டத்தைத் தூக்கிப்போட்டுற வேண்டியதுதானா?"

வேண்டியதில்லை. சட்டத்தின் நுனியில் மிஞ்சியிருக்கிற நாக்கை மட்டமாக அறுத்துவிடுங்கள். துளைக்குள் இருக்கும் துண்டில் வரிசையாக டிரில் போட்டு, மீதியை உளியால் எடுங்கள். அப்புறம் சட்டத்தின் நுனியிலும் அதே அளவில் ஒன்றரை அங்குல ஆழத்துக்கு ஒரு துளை வெட்டுங்கள். தனியாக ஒரு தேக்குத் துண்டைச் செதுக்கிப் பாதி சட்டத்திலும் பாதி காலிலும் போகும்படி வைத்து ஒட்டினால் அதுதான் புது நாக்கு. கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கட்டும். இதற்கு இரண்டு டியூப் பசையைத்தான் சொல்வேன்.

"பழைய கதவு, நிலையெல்லாம் பசையே இல்லாம நிக்குதே, அது எப்படி?"

முளையால். அதைத் தெரிந்துகொண்டால் வெளியில் கிடக்கிற சாமானுக்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. பசை ஒரு நாள் விட்டாலும் முளை பிடித்திருக்கும்.

செய்முறை இது. நாக்கை வெளியே எடுத்துவிட்டுக் காலில் இரண்டு நூல் கனத்துக்கு, அதாவது சுமார் 6 மி.மீ., துளையைக் கடந்து போகும்படி ஓட்டை போடுங்கள். நாக்கை உள்ளே வைத்து, அதே ஓட்டை வழியாக டிரில் பிட்டின் முனையால் நாக்கில் ஒரு புள்ளி வையுங்கள். நாக்கை வெளியே எடுத்து, அந்தப் புள்ளியிலிருந்து 1 மி.மீ. சட்டத்தின் பக்கமாகத் தள்ளி ஓட்டை போடுங்கள். திரும்பச் சேர்க்கும்போது இரண்டு ஓட்டையும் நேராக இருக்காது. நுனி சீவின முளையை அடிக்கும்போது அது வளைந்து போய் நாக்கை உள்ளே இழுக்கும், தோள்பட்டை, அதாவது நாக்கு தொடங்குகிற இடத்தில் சட்டத்தில் இருக்கிற படி, காலோடு போய் ஒட்டிக்கொள்ளும். கண் முன்னாலேயே இடுக்கு மறைவதைப் பார்க்கலாம்.

முளையைப் பலகையிலிருந்து அறுத்து எடுக்காமல், கத்தியால் ரேகையோடு பிளந்து எடுங்கள். அப்போதுதான் நார் தலையிலிருந்து நுனி வரை அறுபடாமல் ஓடும். நன்றாகக் காய்ந்த முற்றின மூங்கிலின் வெளிப்பக்கம் இதற்கு அருமையானது.

"கிளாம்ப் எல்லாம் எங்கிட்ட இல்லையே?"

சைக்கிள் டியூப் போதும். நீளவாக்கில் கிழித்து, இழுத்து இழுத்துச் சுற்றினால் எந்தக் கோணல் மூட்டையும் பிடித்துக்கொள்ளும். நாலு காலையும் சேர்த்து இறுக்க, கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்குங்கள். கயிறு படுகிற இடத்தில் துணியை மடித்து வைக்க மறக்காதீர்கள்.

இறுக்கினதும் மூலைக்கு மூலை டேப் வைத்து அளந்து பாருங்கள். இரண்டு மூலைவிட்டமும் சமமாக இருந்தால்தான் சட்டம் கோணாமல் மூலைமட்டமாக இருக்கிறது. பசை ஈரமாக இருக்கும்போதே சரிசெய்ய வேண்டும். அதனால் பசை இல்லாமல் ஒரு தடவை முழுக்கச் சேர்த்து ஒத்திகை பார்த்துவிடுவது நல்லது. கட்டினதை 24 மணி நேரம் அவிழ்க்காதீர்கள்.

"லீவு மே மாசம்தான். அப்ப செஞ்சா பரவாயில்லையா?"

செய்யலாம், ஆனால் எனக்குப் பிடித்தது தையும் மாசியும். மரம் ரொம்ப உப்பியும் இருக்காது, ரொம்பச் சுருங்கியும் இருக்காது. கத்திரியில் நாக்கை மிக இறுக்கமாகச் சீவி வைத்தால் ஐப்பசியில் அது காலைப் பிளக்கலாம். மழையில் இறுக்கமாக வைத்தது சித்திரையில் ஆடும். மே மாதம்தான் முடியும் என்றால் நிழலில் இரண்டு வாரம் வைத்திருந்து, விடியற்காலையில் ஒட்டுங்கள். மத்தியான வெக்கையில் வெள்ளைப் பசை நீங்கள் மூட்டைச் சேர்ப்பதற்குள் தோல் கட்டிவிடும்.

"கால் அடி மெத்து மெத்துன்னு இருக்கு. கரையானா, மக்கிப்போனதா?"

திருப்புளியால் குத்திப் பாருங்கள். மண் பூசின மாதிரிக் கோடு ஏறியிருந்தால் கரையான். ஊசி குத்தின மாதிரி ஓட்டைகளும் கீழே மாவு மாதிரித் தூளும் இருந்தால் வண்டு. இரண்டும் இல்லாமல் கறுத்து, நார் நாராக வந்தால் ஈரத்தில் மக்கியது. தேக்கே ஆனாலும் வைரத்தைத்தான், அதாவது நடுவில் இருக்கிற முற்றின மரத்தைத்தான், பூச்சி எளிதில் தொடாது, ஓரத்து வெள்ளையைச் சாப்பிட்டுவிடும். கரையான் என்றால் முதலில் அந்த இடத்து மண்ணோடு தொடர்பை அறுத்து, கடையில் கிடைக்கும் கரையான் மருந்தை அட்டையில் சொன்ன அளவில், கையுறையோடு அடியுங்கள். வண்டு ஓட்டைகளுக்கு அதையே சிரிஞ்சில் விடலாம், சிரிஞ்ச் பயன்படுகிற இடம் இதுதான்.

மெத்தென்று இருப்பதை ஈவு இரக்கம் பார்க்காமல் கெட்டி மரம் வருகிற வரை அறுத்துவிடுங்கள். காலையும் புதுத் துண்டையும் பாதிப் பாதி கனத்துக்கு வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று படியவைத்து, இரண்டு டியூப் பசை போட்டு இரண்டு முளை அடியுங்கள். படிகிற நீளம் காலின் கனத்தைப் போல மூன்று மடங்காவது வேண்டும். காலின் அடிமுகம்தான் தண்ணீரை உறிஞ்சுகிற வாய், அதில் அதே பசையை இரண்டு பூச்சுப் பூசி அடைத்துவிடுங்கள். பெஞ்சை மண்ணில் வைக்காமல் காலுக்கொரு தட்டைக் கல் மேல் வையுங்கள். கிண்ணம் மாதிரி இருக்கிற ரப்பர் பூட் வேண்டாம், அதில் தண்ணீர் தேங்கிக் காலை ஊற வைக்கும்.

"கடைசியா நல்லெண்ணெய் தேய்க்கலாமா, வார்னிஷ் அடிக்கலாமா?"

தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், நல்லெண்ணெய் எதுவும் மரத்தில் கெட்டிப்பட்டுக் காயாது. பளபளப்பு இரண்டு நாள், பிசுபிசுப்பும் தூசியும் மாதக்கணக்கில். காய்ந்து கெட்டிப்படுகிற எண்ணெய் ஆளி விதை எண்ணெய். கடையில் டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் என்று கேளுங்கள். முதல் பூச்சில் பாதிக்குப் பாதி டர்பன்டைன் கலந்து தடவி, கால் மணி நேரம் கழித்து மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். மறுநாள் இன்னொரு பூச்சு. வருடா வருடம் புரட்டாசியில் ஒரு பூச்சுக் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது காயும்போது சூடாகும், சுருட்டிக் கிடந்தால் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி வையுங்கள், அல்லது வெளியில் விரித்துக் காயப் போடுங்கள்.

வார்னிஷ் திண்ணை நிழலில் நிற்கும். நேர் வெயிலில் ஓரிரு வருடத்தில் வெடித்து உரியும், வெடிப்பு வழியே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். தேக்கு வெளுத்துச் சாம்பல் நிறமானால் பதற வேண்டாம், அது மேல்தோல் மட்டும்தான். எது பூசினாலும் மூட்டு வேலை முழுக்க முடிந்த பிறகுதான். எண்ணெய் பட்ட நாக்கில் பசை பிடிக்காது.

"மேல பழைய பச்சைப் பெயிண்ட் இருக்கு. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு எடுத்துறவா?"

வறட்சியாகத் தேய்க்காதீர்கள். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவுக்குள் வைக்க வேண்டும் என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தின பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூசி குழந்தைகளுக்கு ரொம்பக் கெடுதல். பெயிண்ட் ரிமூவர் போட்டு, ஈரமாகச் சுரண்டி, சுரண்டியதைக் காகிதத்தில் மடித்துக் கட்டிப் போடுங்கள்.

"கயித்துக் கட்டிலும் ஆடுது. அதுக்கும் இதே பசைதானா?"

கயிற்றுக் கட்டிலுக்குப் பசையே வேண்டாம். அதன் சட்டத்தையும் காலையும் இழுத்துப் பிடித்திருப்பது கயிறுதான். கயிறு தொய்ந்தால் மூட்டு ஆடும். கால்மாட்டில் இருக்கும் இழுப்புக் கயிற்றை அவிழ்த்து, ஒவ்வொரு கண்ணாக இழுத்து இறுக்கிக் கட்டுங்கள். அதற்கப்புறமும் ஆடினால் மட்டும் நாக்கில் தகடு ஒட்டுகிற வேலையைச் செய்யுங்கள், மூட்டுக்குள் பசை விடாமல்.

"எல்லாம் சொன்னபடி செஞ்சேன். ஒரு வருஷத்துல மறுபடி ஆடுது. ஏன்?"

முதல் சந்தேகம் பழைய பசை மேல்தான், துளையின் அடியில் மிஞ்சியிருந்திருக்கும். இரண்டாவது, நாக்கு துளையின் அடியில் முட்டிக்கொண்டு தோள்பட்டை காலோடு சேராமல் நின்றிருக்கும். வெளியே ஒரு தாள் நுழைகிற இடுக்கு தெரிந்தால் அதுதான். நாக்கின் நுனியில் 2 மி.மீ. சீவினால் சரியாகிவிடும்.

மூன்றாவது, உட்காருகிற விதம். இரண்டு பின்னங்காலில் நாற்காலியைச் சாய்த்து ஆடுகிற பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால் எந்த மூட்டும் நிற்காது. மேலூரிலிருந்து ஒரே நாற்காலியை மூன்று தடவை கொண்டுவந்தார் ஒருவர். மூன்றாவது தடவை பின்சட்டத்துக்குக் கீழே, நாலு அங்குலம் இறக்கி, குறுக்காக இன்னொரு சட்டம் கொடுத்து இரண்டு பக்கமும் முளை அடித்தேன். அதற்கப்புறம் அவர் எண்ணெய்ப் பூச்சைப் பற்றிக் கேட்கத்தான் போன் செய்தார்.